எளிய நடைபாதை, தொள்ளாயிரம் மீட்டர்

தொள்ளாயிரம் மீட்டர்னு போர்டுல போட்டிருக்கு. பூமரத்து அருவிக்குச் செல்லும் வழி, எளிய நடைபாதை, முதியோரும் குழந்தைகளும் நடக்கலாம், குரங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. ரெண்டு தடவை படிச்சேன். படிக்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் கிடையாது. ஆனா தாமு டிக்கெட் கிழிக்கிற அம்மாகிட்ட பேச்சுக் குடுக்க ஆரம்பிச்சுட்டான், அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும், அது வர்றப்போ கண்ணுக்கு ஒரு வேலை வேணும். வந்துடுச்சு. இவங்க எங்கக்காங்க, சுகுணா, எனக்கு ஒரு கிட்னி குடுக்கறாங்க, நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி கமிட்டி அனுமதி தரணும், அது முடிஞ்சா பதினஞ்சு நாள்ல ஆபரேஷன், நான் வாய் திறந்து கேக்கவே இல்லைங்க, கேக்காமயே குடுக்கறாங்க. அடிவாரத்துல டீக்கடைக்காரர்கிட்ட இதே வாக்கியம். மூணாவது வளைவுல கார் நின்னப்போ பஞ்சர் ஒட்டுனவர்கிட்ட இதே வாக்கியம். அவர் கையில கிரீஸ், கும்பிட முடியல, தலையை மட்டும் ஆட்டுனாரு. இந்தம்மா டிக்கெட் புக்கைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டுச்சு. தெய்வம்ங்க நீங்கன்னு சொல்லுச்சு. தெய்வத்துக்கு ஒரு சௌகரியக் குறைச்சல் இருக்கு, யாரும் அதுகிட்ட சம்மதம் கேக்கறதில்ல, நேரா வந்து மாலையைப் போட்டுடறாங்க. நானும் பல்லைக் காட்டி வெச்சேன். எவ்வளவு தூரம்மான்னு கௌசி கேட்டா. கௌசி தாமுவோட பொண்டாட்டி. பத்து நிமிஷ நடைதாங்க, கண்ணை மூடிட்டுப் போலாம்னு அந்தம்மா சொல்லுச்சு. பிளாஸ்டிக் இருக்கான்னு பையைத் திறந்து பாத்துச்சு. ஸ்டீல் பாட்டில்தான் இருந்துச்சு, போகச் சொல்லிட்டுது.

சிமெண்ட் பாதை. ரெண்டு பக்கமும் காப்பிச் செடி, நடுவுல உசரமா சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி. நவம்பர் மழை பெஞ்சு நாலு நாள் ஆச்சு, ஓரத்துல பாசி. அண்ணி, பாசி மேல கால் வெச்சுடாதீங்கன்னு கௌசி. அத்தை, இந்தப் பக்கம் வாங்கன்னு ஓவியா, அவங்க பொண்ணு, பன்னெண்டு வயசு, அது கூட. என் கைப்பையைக் கௌசி வாங்கி மாட்டிக்கிட்டா, என் குடையை ஓவியா வெச்சிருக்கு. நான் கையை வீசிட்டு நடக்கறேன், பழக்கமில்லாததுனால கை எங்க போய் நிக்கறதுன்னு தெரியாம இடுப்புக்குப் போகுது. இடது பக்கம். இடதுதான் எடுப்பாங்களாம், அதுக்கு ரத்தக் குழாய் கொஞ்சம் நீளமாம், தெக்கறதுக்கு வசதியாம். டாக்டர் படம் வரைஞ்சு காட்டுனாரு, அப்படியே அவரைக்கொட்டை மாதிரிங்கன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மூணு மாசமா எனக்கு இதான் வேலை, மத்தவங்க சிரிச்சா சிரிக்கறது, மாதுளை உரிச்சுக் குடுத்தா தின்னறது. பெரியம்மா வீட்டுலருந்து நெய் வந்துச்சு, சித்தப்பா வீட்டுலருந்து பாதாம் வந்துச்சு. நாப்பத்தேழு வருஷத்துல எனக்கு எவனும் பாதாம் குடுத்ததில்ல. அது எனக்கு வந்ததில்லைன்னு எனக்குத் தெரியாதா, உள்ள இருக்கற கிட்னிக்கு வந்தது. நான் அதைத் தூக்கிச் சுமக்கற ஆளு. போன மாசம் எனக்கு லேசா ஜுரம் அடிச்சப்போ தாமு ஒரு நாள்ல ஒன்பது தடவை போன் பண்ணான். எப்படிக்கா இருக்கேன்னான். நல்லாருக்கேன்டான்னேன். யூரின் நல்லா போகுதான்னான்.

கோவமான்னா கோவம் இல்ல. கோவம் வந்தாத் தேவலை. மண்டியில ஜவ்வரிசி சாம்பிள் பாக்கறப்போ ஒரு பிடி எடுத்துக் கறுப்புத் தட்டுல பரத்துவேன், இருவது வருஷமா அதான் என் வேலை, சேகோ மில்லுலருந்து வர்ற ஒவ்வொரு லாட்டுலயும் வெண்மை எப்படி, பொட்டு இருக்கான்னு பாக்கணும். ஒரு பிடியில ஒரே ஒரு பழுப்புப் பொட்டு இருந்தாலும் என் கண்ணு அங்க போய் நின்னுடும். சுகுணாக்கா கண்ணு லேசுப்பட்ட கண்ணு இல்லன்னு மில்லுக்காரங்க அலறுவாங்க. இப்ப என்னையே தட்டுல பரத்திப் பாத்துட்டேன், எத்தனையோ தடவை. பாசம் இருக்கா, இருக்கு. பயம் இருக்கா, தெரியல. வெறுப்பு? இல்ல. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. ஒண்ணும் கண்ணுல படல. அது நல்ல சரக்குன்னு அர்த்தமா, இல்ல என் கண்ணு போயிடுச்சான்னு புரியல. கௌசி திரும்பிப் பாத்து, மூச்சு வாங்குதா அண்ணின்னா. ஏறவே இல்லையே கௌசி, சமதரைதானேன்னேன். இல்ல, சும்மா கேட்டேன்னா.

தாமு முன்னால போறான். என்னைவிட எட்டு வயசு சின்னவன், பின்னால இருந்து பாத்தா அப்பாவை விட வயசானவன் மாதிரி தோள் இறங்கிப் போச்சு. கறுத்துட்டான். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், நாலு மணி நேரம் படுக்கை. அவன் இடது முழங்கையில ரெண்டு ரத்தக் குழாயைச் சேத்துத் தெச்சு வெச்சிருக்காங்க, ஊசி குத்தறதுக்குன்னு. ஒரு நாள் தொட்டுப் பாருக்கான்னு கையை நீட்டுனான். தொட்டேன், உள்ள வண்டு சிக்கிக்கிட்ட மாதிரி உறுமிச்சு. கையை எடுத்துட்டேன். பயந்துட்டியான்னு சிரிச்சான். பயந்தேனான்னு அன்னிக்கும் யோசிச்சேன். அவனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான். சாம்பார், ரசம், மாத்திரைக்குக் குடிக்கறது எல்லாம் அதுலயே அடக்கம். கௌசி அளந்து ஊத்தித் தர்றா, கேக்கக் கேக்க ஒரு மடக்கு. நாக்கு ஒட்டிக்கிட்டா ஐஸ் கட்டி ஒண்ணு வாயில போட்டுக்குவான். போன ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்போ சொன்னான், ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை அருவி பாக்கணும்னு. எல்லாரும் அவனைப் பாத்தோம். குடிக்கத்தான் கூடாது, பாக்கக்கூடவா கூடாதுன்னான். டாக்டர்கிட்ட கேட்டாங்க, சின்ன நடையா இருந்தாப் போலாம்னாரு. அப்படித்தான் இந்த வழியைக் கண்டுபிடிச்சாங்க. சேலத்துக்குப் பக்கத்துல நடந்து போய்ப் பாக்கற மாதிரி, நோயாளியும் நோகாமப் போற மாதிரி ஒரு அருவி. என்னை வர்றியான்னு கேக்கல. அக்காவும் வருதுன்னு முடிவாச்சு.

முடிவாச்சு. எல்லாமே அப்படித்தான் ஆச்சு. முதல்ல கௌசிக்குத்தான் டெஸ்ட் எடுத்தாங்க. அவளுக்கும் தாமுவுக்கும் ஒரே ரத்த வகை. ரெண்டு மாசம் அலைஞ்சாங்க. கடைசியில மேட்ச் ஆகலைன்னு சொல்லிட்டாங்கன்னு வந்து கூடத்துல உக்காந்து கௌசி அழுதா பாருங்க, பாக்க முடியல. நான்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். அப்போ சித்தப்பா சொன்னாரு, அழாதம்மா, சுகுணா இருக்கால்ல. அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா. எல்லாரும் நிம்மதியா மூச்சு விட்டாங்க, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் காப்பி டம்ளரோட நின்னேன். மாட்டேன்னு சொல்லல. சரின்னும் சொல்லல. சக்கரை போதுமா கௌசின்னு கேட்டேன். மறுநாள் எனக்கு ரத்தம் எடுத்தாங்க. தாமு அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்தான், எங்கக்காகிட்ட நான் போயி கேக்கணுமா, கேட்டா அவளை அசிங்கப்படுத்தின மாதிரி. எங்க வீட்டுல அதான் மரியாதை. சொந்தக்காரங்ககிட்ட சாப்பிடறியான்னு கேக்க மாட்டோம், இலையைப் போட்டுடுவோம். வேணுமான்னு கேட்டா வேண்டாதவங்கன்னு அர்த்தம். நானே எத்தனை பேருக்குக் கேக்காம இலை போட்டிருக்கேன். நடந்துட்டே அதை நினைச்சா ஒண்ணும் தப்பாவும் தெரியல.

கேட்டது ஒரே ஒருத்தங்க. ரெஜினா மேடம். ஆஸ்பத்திரியில குடுக்கறவங்களுக்கெல்லாம் அவங்கதான் கவுன்சலிங். சின்ன ரூம், ஒரு ஃபேன், சுவத்துல சிரிக்கற குடும்பம் படம். கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்துனாங்க. சுகுணா, உங்களுக்கு இதுல சம்மதமான்னாங்க. எனக்கு அந்தக் கேள்வி காதுல விழுந்துச்சு, உள்ள போகல. கல்யாணத்துல கூட எங்கிட்ட யாரும் அதைக் கேட்டதில்ல. பதினோரு மாசம் குடித்தனம் பண்ணிட்டு ஒரு நாள் பெட்டியை எடுத்துட்டு வந்தேன், அப்ப எல்லாரும் கேட்டாங்க, காரணம் என்ன, அடிச்சானா, குடிச்சானா, வேற பொம்பளையா. ஒண்ணும் இல்ல. நல்ல மனுஷன். எனக்கு அங்க இருக்க மனசில்ல. அப்படிச் சொன்னா எவனாவது நம்புவானா, பத்தொன்பது வருஷம் ஆச்சு, இன்னும் காரணத்தைத் தேடிட்டு இருக்காங்க. மேடம் சொன்னாங்க, கட்டாயமில்ல, இப்பவே சொல்லணும்னும் இல்ல, கமிட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இந்த நம்பர்ல என்னைக் கூப்பிடலாம். விருப்பமில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டோம். மேட்ச் ஆகலைன்னு சொல்லிடுவோம். யாருக்கும் தெரியாது. உங்க மேல ஒரு பழி வராது. நான் அவங்க மேஜையில இருந்த பேனாவையே பாத்துட்டு இருந்தேன், மூடி இல்லாத பேனா. வெளிய வந்தப்போ தாமு எந்திரிச்சு நின்னு, முடிஞ்சுதாக்கான்னான். முடிஞ்சுதுடான்னேன். அந்த முந்தின நாள் இன்னிக்குத்தான். மணி மூணே கால்.

பாதி வழியில சிமெண்ட் பெஞ்சு ஒண்ணு. ஐநூறு மீட்டர்னு கல்லுல எழுதியிருக்கு. தூரத்துல தண்ணிச் சத்தம் கேக்க ஆரம்பிச்சுது, எங்கயோ பஸ் ஓடுற மாதிரி. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன், நீங்க முன்னால போங்கன்னேன். அவ்வளவுதான், மூணு பேரும் ஓடி வந்துட்டாங்க. என்னாச்சு, வலிக்குதா, எந்தப் பக்கம், தலை சுத்துதான்னு கௌசி என் கையைப் பிடிச்சு நாடி பாக்கறா, அவளுக்கு நாடி பாக்கத் தெரியாது. கால் கொஞ்சம் மரத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்ல, போங்கன்னேன். தாமு என்னையே பாத்தான். நிஜமா ஒண்ணுமில்லையேக்கான்னான். போடா, அருவி தீந்து போயிடப் போகுதுன்னேன். ஓவியா சிரிச்சுது. போனாங்க. கைப்பையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். வளைவுல திரும்பி மறையற வரைக்கும் மூணு பேரும் மாத்தி மாத்தித் திரும்பிப் பாத்தாங்க. அதுக்கப்புறம் காப்பிச் செடி, ஈரம், ஒரு குரங்கு. குரங்கு என் பையைப் பாத்துது. உள்ள போன் இருந்துச்சு. ரெண்டு கோடு சிக்னல்.

நான் தீர்மானம் பண்ணிட்டு எடுத்தேன்னு சொன்னாப் பொய். போனை எடுத்தேன், மணி பாக்கத்தான். அந்த நம்பர் மேலயே இருந்துச்சு. தொட்டுட்டேன். மேடம், சுகுணா பேசறேன். சொல்லுங்க சுகுணா. அதான் மேடம். எது? நீங்க சொன்னீங்களே, அது. மேட்ச் ஆகலைன்னு. அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒண்ணு கேட்டுச்சு, ஞாயித்துக்கிழமை, அவங்க வீட்டுல இருப்பாங்க. யாராவது மிரட்டினாங்களான்னு கேட்டாங்க. இல்ல. நல்லா யோசிச்சீங்களா? மூணு மாசமா யோசிச்சேன்னு சொல்ல வந்தேன், ஆனா யோசிச்சேனா என்ன, வெள்ளையா இருந்ததைப் பாத்துட்டு இருந்தேன். ம்ன்னேன். சரி, தம்பிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், நாளைக்கு வீணா கிளம்பி வர வேண்டாம்ல. நீங்க எதுவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. காரணம் கேக்க மாட்டேன்னாங்க. தேங்க்ஸ் மேடம்னேன். ஒரு நிமிஷம் நாப்பது செகண்டுன்னு போன் காட்டுச்சு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி பெட்டியைக் கட்டறதுக்குக் கூட இதைவிட அதிக நேரம் ஆச்சு.

இப்ப ஏதாவது வரும்னு உக்காந்திருந்தேன். அழுகை வரணும். இல்லாட்டி அப்பாடான்னு இருக்கணும். தம்பியைக் கொன்னுட்டியேடி பாவின்னு உள்ளுக்குள்ள எவளாவது கத்தணும். சின்ன வயசுல அவனை இடுப்புல தூக்கிட்டுச் சுத்துனவ நான், இதே இடது இடுப்பு. அதை நினைச்சா வருமான்னு வேணும்னே நினைச்சுப் பாத்தேன். டவுசர் இல்லாம, மூக்கு ஒழுகிட்டு, என் சடையைப் பிடிச்சு இழுப்பான். படம் வந்துச்சு, வேற ஒண்ணும் கூட வரல. எந்திரிச்சு நடந்தேன். கால் தானா நடந்துச்சு. செருப்பு சிமெண்டுல சத்தம் போட்டுச்சு. எதிர்ல ஒரு குடும்பம் வந்துச்சு, தலை ஈரமா, குழந்தை ஒண்ணு பிஸ்கட் தின்னுட்டே. இன்னும் கொஞ்சம்தாங்க, சூப்பரா இருக்குன்னு அந்தாளு சொன்னாரு. அப்படிங்களான்னேன். தாமு செத்துப் போவானா? டயாலிசிஸ்லயே பத்து வருஷம் இருக்கறவங்க இருக்காங்க. லிஸ்ட்டுல பேர் குடுத்தா யாராவது இறந்தவங்களோடது கிடைக்கும், மூணு வருஷமோ நாலு வருஷமோ. கிடைக்காமயும் போகும். இப்படி ஒவ்வொண்ணா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், சாம்பிள் ரிப்போர்ட் வாசிக்கற மாதிரி. யாருக்கும் தெரியாது, அது ஒண்ணு மட்டும் நடுவுல நடுவுல வந்துட்டே இருந்துச்சு. யாருக்கும் தெரியாது. கௌசி அழுவா, நான் காப்பி போடுவேன்.

அருவி பெருசில்ல. ரெண்டு மாடி உசரம் இருக்கும். பாறையில விழுந்து, சின்னக் குட்டையா நின்னு, ஓடையாப் போகுது. நல்ல வெள்ளை. மேல கூரை போட்ட ஒரு இடத்துல கௌசி பாயை விரிச்சுக்கிட்டு இருந்தா, ஓவியா கம்பியில சாஞ்சு செல்ஃபி எடுத்துட்டு இருந்துச்சு. அவங்க கீழ இருக்காங்க அண்ணி, உங்களைத்தான் கேட்டாங்க, படியில பாத்து இறங்குங்க, இல்ல, நான் வந்து பிடிச்சுக்கட்டுமான்னா. வேண்டாம் கௌசி. எட்டுப் படி. தாமு பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுட்டு ஓடை ஓரத்துல தண்ணிக்குள்ள நின்னுட்டு இருந்தான். கணுக்கால் வீங்கியிருக்கு, அதைச் சுத்தித் தண்ணி போகுது. வாக்கா, இந்தா போனைப் பிடி, நனைஞ்சுடப் போகுதுன்னு அவன் போனை எங்கிட்ட குடுத்தான். வாங்கிக்கிட்டேன். ரெண்டு பேரும் தண்ணியைப் பாத்துட்டு நின்னோம். எவ்வளவு தண்ணி பாரு, எவனும் அளக்கலன்னான்.

சத்தத்துல மேல இருக்கறவங்களுக்குக் கேக்காதுல்லன்னான். கேக்காதுன்னேன். அக்கா, ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொன்னதில்ல, கௌசிக்கு மேட்ச் ஆச்சுக்கா. நான் திரும்பல. அவன் தண்ணியைப் பாத்தே பேசுனான். என் பக்கத்துக் கட்டில்ல ஆத்தூர்க்காரர் ஒருத்தரு, ஏழு வருஷமா டயாலிசிஸ். அவருதான் சொன்னாரு. தம்பி, ரத்த வகையும் ஒண்ணு, அத்தனை டெஸ்ட்டும் தாண்டியாச்சு, கடைசியா அந்த மேடம் ரூமுக்குத் தனியாப் போய் வந்த பின்னாடி மேட்ச் ஆகலைன்னு சொன்னா, அதுக்கு வேற அர்த்தம்னு. அங்க படுத்திருக்கற எல்லாருக்கும் அது தெரியும்க்கா. வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நீ கௌசியைக் கேட்டியான்னேன், என் குரல் சாதாரணமாத்தான் வந்துச்சு. எப்படிக் கேக்கறது, அவ கையாலதான சாப்பிடணும், அவளைச் சொல்லியும் குத்தமில்ல, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைக்கு அவளாவது முழுசா இருக்கணும்னு நினைச்சிருப்பா. கோவமே வரல. ஆனா அவ தண்ணியை அளந்து ஊத்தறப்போ பாத்துட்டே இருப்பேன். அதான்க்கா உன்கிட்ட கேக்கவே இல்ல. கேக்காமயே குடுக்கறா, கேக்காமயே குடுக்கறான்னு ஊர் பூராச் சொல்றேன்ல, டீக்கடையில, டிக்கெட் கவுண்டர்ல. பெருமைன்னு நினைச்சியா? பயம். நாலு பேர்கிட்ட சொல்லிட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல. கேவலமான புத்திதான். நீயும் அந்த ரூமுக்குள்ள போயி வந்து, மேட்ச் ஆகலைன்னு எவளாவது எனக்குப் போன் பண்ணா, அதைக் கேட்டுட்டு நான் எப்படி உன் மூஞ்சியைப் பாக்கறதுன்னுதான் தினம் நினைப்பேன். சிரிச்சான். நாளைக்குக் கமிட்டி முடிஞ்சுட்டா இதெல்லாம் போயிடும்னான்.

என் கையில அவன் போன் அதிர்ந்துச்சு. ரெஜினா மேடம்னு பேர் வந்துச்சு. தண்ணிச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. நான் பாத்துட்டே நின்னேன். எடுத்து அவன்கிட்ட நீட்டுனாப் போதும். அவன் காதுல வெச்சுக் கேப்பான், ம் ம்னு சொல்லுவான், அப்புறம் எங்கிட்ட திரும்பி, மேட்ச் ஆகலையாம்க்கா, பரவால்ல விடுன்னு சொல்லுவான். கட்டாயம் சொல்லுவான், இவனுக்கு அந்தப் பழக்கம் வந்துடுச்சு. நான் அய்யோன்னு சொல்லணும். அப்புறம் அவன் சாகற வரைக்கும் என் கையால காப்பி வாங்கிக் குடிப்பான், குடிக்கறப்போ என்னைப் பாத்துட்டே இருப்பான், அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், அது அவனுக்கும் தெரியும், ரெண்டு பேரும் சக்கரை போதுமான்னு பேசிக்குவோம். கட்டை விரலால போனைக் கட் பண்ணேன்.

யாருன்னான். ரெஜினா மேடம். ஏன்க்கா கட் பண்ண, கமிட்டி டைம் ஏதாவது மாத்திருப்பாங்க. இல்லடா. தாமு, எனக்கு மேட்ச் ஆச்சு. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். இப்பத்தான், வர்ற வழியில, அந்த பெஞ்சுல உக்காந்து. மேட்ச் ஆகலைன்னு உன்கிட்ட சொல்லத்தான் கூப்பிடறாங்க. அவன் தண்ணிக்குள்ளயே நின்னான். மூஞ்சி மாறல. சின்ன வயசுல கீழ விழுந்தான்னா இப்படித்தான், அடிபட்டது உறைக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். காரணம் கேக்காத தாமு, காரணம் இல்ல. உன் மேல கோவம் இல்ல. எனக்குக் குடுக்க மனசில்ல, அவ்வளவுதான். மேல ஓவியா ஏதோ கத்திச்சு, தாமு கையை ஆட்டுனான், வரோம்னு. அப்புறம் எங்கிட்ட திரும்பி, பயமா இருந்துச்சாக்கான்னு கேட்டான்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பாக்கல. பாறையைப் பிடிச்சுக்கிட்டேன். ஆமாண்டா. பயமா இருக்கு. மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சா எந்திரிக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு, எந்திரிச்சா பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வெக்க ஆள் இல்லையேன்னு பயமா இருக்கு, இப்ப நீ செத்துடுவியோன்னு பயமா இருக்கு, எல்லாம் சேந்து இருக்குடா, எனக்கு இத்தனை நாள் தெரியவே இல்ல. மூக்கு ஒழுக, இத்தனை பேர் வந்து போற இடத்துல, நாப்பத்தேழு வயசுப் பொம்பளை அழுதுட்டு நின்னேன். அவன் கரையேறி வந்தான். என் தோளைத் தொடல. பக்கத்துல வந்து நின்னான். கௌசி மேல வராத கோவம் உன் மேல வருதுக்கா, அப்படியே பிடிச்சுத் தள்ளிடலாம் போல இருக்குன்னான். அவன் கண்ணும் சிவந்து போச்சு. வரட்டும்டான்னேன். எனக்கும் பயம்தான்க்கான்னான், ரொம்பச் சின்னக் குரல்ல, டயாலிசிஸ் ஆரம்பிச்சதுலருந்து ஒரு நாள் கூட அவன் அப்படிச் சொன்னதில்ல.

போன் மறுபடி அடிச்சுது. குடுன்னு கையை நீட்டுனான். ஈரக் கையைச் சட்டையில துடைச்சுக்கிட்டு வாங்கிக் காதுல வெச்சான், இன்னொரு காதை விரலால அடைச்சுக்கிட்டான். சொல்லுங்க மேடம். ம். ம். அவங்க பேசற வரைக்கும் கேட்டான், என்னைப் பாத்துட்டே. அப்புறம் தண்ணிச் சத்தத்துக்கு மேல கொஞ்சம் கத்தித்தான் சொன்னான்: "இல்லைங்க மேடம், மேட்ச் ஆகலைன்னு சொல்லாதீங்க. எங்கக்கா குடுக்கல. அவளே எங்கிட்ட சொல்லிட்டா. பக்கத்துலதான் நிக்கறா."